தறி வீட்டிலிருந்து கல்லூரிக்கு



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள் தொடங்கிக் கல்லூரிகள் திறக்கும் நாள்வரை பங்குத்தந்தையின் வாசலை நாடி வரும் பெற்றோர் பலர். "எந்தப் பாடத்தில் சேர்க்கலாம், சாமி? எதைப் படித்தால் வேலை கிடைக்கும்? சிபாரிசுக் கடிதம் ஒன்று தருவீர்களா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விகளே அவை. ஆனால் பிள்ளையைச் சேர்த்து ஆறு மாதம் சென்றபின், "அங்கே அவன் மனம் எப்படி இருக்கிறது?" என்று கவலையுற்று வந்தவர்கள் மிகச் சிலர். கட்டணம் கட்டியாயிற்று, பேருந்துப் பயண அட்டை வாங்கியாயிற்று, மூன்றாண்டு கழிந்தால் பட்டம் வந்து சேரும் என்று இருந்துவிடுகிறோம். அந்த மூன்றாண்டில் பிள்ளை எதைக் கண்டது, எதற்கு அஞ்சியது, எதில் மகிழ்ந்தது என்பதை வீட்டார் அறிவதில்லை.

காஞ்சிபுரத்தில் பணியாற்றும் எனக்கு அதனை அறிய ஒரு வாய்ப்பு உண்டு. மாலை வேளைகளில் எங்கள் பங்கு மண்டபம், வீட்டில் இருந்து படிக்க இடமில்லாத மாணவர்களுக்காகத் திறந்திருக்கும். கிறிஸ்தவப் பிள்ளைகளும் வருவார்கள். பிற சமயத்துப் பிள்ளைகள் அவர்களினும் மிகுதியாக வருவார்கள். பிள்ளையார்பாளையத்திலிருந்தும் ஐயம்பேட்டைப் பக்கத்திலிருந்தும் வரும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலோர். நகரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள சிறிய கலை, அறிவியல் கல்லூரிகளில் வரலாறு, தமிழ், வணிகவியல், கணிதம் என்று பயில்பவர்கள். புத்தகத்தை மூடிய பின் அவர்கள் பேசுவதைக் கேட்டு வந்திருக்கிறேன். எந்தக் கல்லூரியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டியதில்லை. அவர்கள் சொல்வது பொதுவான நிலை.

அதற்கு முன், இப்பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நம் ஊர்ப் பட்டுக்குப் பெருமை தேடித் தருவது கோர்வை வேலைப்பாடு. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டையும் தறியிலேயே ஒன்றோடொன்று பிணைத்து நெய்வது அது. அதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறிக்காரர் ஒருவரால் ஆகாது; மறுபக்கத்துக் கரை நாடாவை எறிய உதவிக்கு ஓர் ஆள் அருகில் அமர வேண்டும். பல தலைமுறைகளாக அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுச் சிறுவன், அல்லது சிறுமி. சில வீடுகளில், பெற்றோர் வாங்கிய முன்பணம் தீரும்வரை பிறர் தறியில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளை. 1976-இல் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2009-இல் கட்டாயக் கல்விச் சட்டமும், 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்திற்குத் திருத்தமும் வந்தன. சட்டங்களும், பள்ளியில் மதிய உணவும், நல்லுள்ளம் படைத்த ஆசிரியர்களும் சேர்ந்து அந்தப் பிள்ளையைத் தறியின் மறுபக்கத்திலிருந்து மெல்ல எழுப்பினார்கள்.

இன்று அந்தப் பிள்ளையின் மகனும் மகளும் கல்லூரி மாணவர்கள். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு, தமிழகத்தின் உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தை நூற்றுக்கு 47 என்று காட்டுகிறது. இந்திய நாட்டின் விகிதம் 28.4. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்று கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. ஆண் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கியது. ஆயிரம் ரூபாய் சிலருக்கு அற்பத் தொகையாகத் தோன்றலாம். பேருந்துச் செலவுக்குத் தந்தையிடம் கைநீட்டக் கூசிய ஒரு பெண், "இப்போது நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை, ஃபாதர்" என்று சொன்னபோது அதன் மதிப்பு எனக்கு விளங்கிற்று.

இவர்கள் சேரும் இடத்திற்குக் கலைக் கல்லூரி என்று பெயர். அப்பெயருக்குள் ஒரு பழைய பொருள் இருக்கிறது. இலத்தீன் மொழியில் 'ஆர்த்தெஸ் லிபெராலெஸ்' என்பார்கள். அடிமையாய் இல்லாத, தன்னுரிமை பெற்ற மனிதனுக்கு உரிய கலைகள் என்பது அதன் பொருள். இடைக்கால ஐரோப்பாவின் கல்விச் சாலைகளில் அவை ஏழு: இலக்கணம், தருக்கம், சொல்லாட்சி, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல். பிறருக்கு ஏவல் செய்பவனுக்குக் கைத்தொழில் போதும், தானே முடிவு செய்ய வேண்டியவனுக்கே இக்கலைகள் தேவை என்று அக்காலத்தவர் எண்ணினார்கள். அந்த எண்ணத்தில் இருந்த செருக்கை நாம் தள்ளிவிடலாம். ஆனால் முன்பணத்திற்காகத் தறியில் கட்டுண்டு கிடந்த பிள்ளையின் மகள், தன்னுரிமை பெற்றோருக்கு உரிய கலையைப் பயிலச் செல்கிறாள் என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். சேலையின் விலையை வைத்து அதனை அளக்க முடியுமா?

நம் நகரம் கல்விக்குப் புதியதன்று. பல்லவர் காலத்திலேயே காஞ்சியில் கடிகை என்னும் உயர்கல்விச் சாலை இருந்தது. மயூரசர்மன் என்ற இளைஞன் தன் ஆசானோடு அங்கே கல்வி பயில வந்தான் என்றும், பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு ஏற்பட்ட பூசலால் மனம் கொதித்து, ஏட்டை விட்டு வாளை ஏந்தினான் என்றும் கருநாடகத்தின் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது. அவனே பின்னர்க் கதம்பர் அரசை நிறுவினான். படிப்பைப் பாதியில் விட்ட மாணவர்களுள் நம் ஊர் வரலாறு பெயரோடு அறிந்த முதல்வன் அவனாகவே இருக்கக்கூடும்!

சோழர் காலத்தில் முதலாம் இராசேந்திரன் நாளில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் 340 மாணவர்களுக்கு 14 ஆசிரியர்கள் இருந்தனர். காஞ்சிக்கு அண்மையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பெருமாள் கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச் சாலையும், மாணவர் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் நடந்ததை அது தெரிவிக்கிறது. எனினும் உண்மையை மறைத்தல் ஆகாது. அக்கல்விச் சாலைகளில் வேதம் ஓதுவோருக்கே இடம் இருந்தது. அவற்றின் கதவு தறிக்காரர் பிள்ளைக்குத் திறந்ததில்லை.

பின்னாளில் கதவு திறந்தது. 1794-இல் மறைந்த பச்சையப்பர் அறத்திற்கென விட்டுச் சென்ற செல்வம், நெடிய வழக்குகளுக்குப் பின் 1842-இல் சென்னையில் ஒரு பள்ளியாக உருவெடுத்தது. அந்த அறக்கட்டளையின் கல்வி நிலையங்கள் காஞ்சியிலும் தோன்றின. இவ்வூர் நெசவாளர் குடும்பத்தில் 1909-இல் பிறந்த அண்ணாதுரை அவர்கள் அப்பள்ளியில் பயின்றார். வறுமையால் இடையில் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். 1967-இல் தமிழகத்தின் முதலமைச்சரானார். 1968-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்து, மாணவர்களோடு சில நாள் உரையாடச் செய்தது. அவருடைய அரசியலில் நமக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாதிருக்கலாம். தறி வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரியின் கதவு திறந்தால் என்ன நேரும் என்பதற்கு அவர் ஒரு சான்று.

இனி, மாணவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

அவர்கள் முதலில் சொல்வது ஆங்கிலத்தைப் பற்றி. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் கற்றவர்கள், கல்லூரியின் முதல் வாரத்திலேயே எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் வருவதைக் கண்டு திகைக்கிறார்கள். "பள்ளியில் கணக்கில் நான் முதல் மாணவன், இங்கே வாயைத் திறக்கவே பயம்" என்றான் ஒருவன். அவனுக்குக் கணக்கு மறந்துவிடவில்லை. கேட்பதற்குச் சொல் கிடைக்கவில்லை. அறியாமையும் மொழியறியாமையும் வேறு வேறு என்று அவனுக்கு எடுத்துச் சொல்வோர் இல்லாததால், தான் அறிவிலி என்றே அவன் முடிவு கட்டிவிட்டான்.

இரண்டாவது, நோட்ஸ். ஆசிரியர் சொல்ல எழுதிக்கொள்வது; அல்லது மூத்த மாணவர்களிடமிருந்து நகல் எடுத்துக்கொள்வது; பருவத் தேர்வுக்கு முந்திய இரவுகளில் மனப்பாடம் செய்வது. தேறாத தாள்கள் அரியர் என்னும் பெயரோடு அடுத்த பருவத்தின் தலைமேல் ஏறிக்கொள்ளும். ஆறு பருவங்கள் இப்படியே ஓடிவிடுகின்றன. "மூன்று வருடத்தில், 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, ஃபாதர்" என்று பட்டம் பெற்றுச் சென்ற ஓர் இளைஞன் சொன்னான். அவன் குறைகூறும் குரலில் சொல்லவில்லை. பழகிப்போன ஒன்றைச் சொல்வதுபோல் சொன்னான். அதனாலேயே அச்சொல் என்னை மிகவும் வருத்திற்று.

மூன்றாவது, ஆசிரியர்கள். சிறிய கல்லூரியின் நற்பேறு இங்கேதான் இருக்கிறது. அறுபது பேர் உள்ள வகுப்பில், ஓர் ஆசிரியர் இவர்களைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டால் போதும். அன்று மண்டபத்தில் அதே பேச்சு. "நான் இரண்டு நாள் வராததைக் கவனித்து ஏன் என்று கேட்டார்கள்," "நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தைத் தாமே எடுத்துத் தந்தார்கள்" என்று முகம் மலர்ந்து சொல்வார்கள். பெரிய கட்டடத்தையோ கணினி அறையையோ பற்றி எவரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை.

நான்காவதாக அவர்கள் தயங்கித் தயங்கிச் சொல்வது வீட்டைப் பற்றி. ஒரே கூடம், அதில் பாதியைத் தறி அடைத்திருக்கும், மறுபாதியில் சமையல், உறக்கம், தொலைக்காட்சி எல்லாம். கல்லூரியில் கற்றதை வீட்டில் சொன்னால், "அதெல்லாம் சோறு போடுமா?" என்ற ஒரே வாக்கியத்தில் பேச்சு முடிந்துவிடும். அதன்பின் பிள்ளை எதையும் சொல்வதில்லை.

சென்ற சில ஆண்டுகளுக்குள் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். வரலாறு பயின்ற ஒரு மாணவி, மூன்றாம் பருவம் முடிந்த நிலையில் கல்லூரிக்குச் செல்வதை நிறுத்தினாள். தந்தை நெசவாளர், கூலி குறைந்திருந்தது, கடன் ஏறியிருந்தது. பட்டுக் கடை ஒன்றில் விற்பனைப் பெண் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "பி.ஏ. சரித்திரம் படித்து என்ன ஆகப்போகிறது, சாமி? இந்த வருமானமாவது வரட்டுமே" என்றார் தந்தை. அவர் கொடியவர் அல்லர். மகளை உயிராய் நேசிப்பவர். அவருக்கு விடை சொல்ல என்னிடம் பணமும் இல்லை, வேலை வாங்கித் தரும் அதிகாரமும் இல்லை.

அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, "கல்லூரியில் கடைசியாக என்ன படித்தாய், அம்மா?" என்று அவளைக் கேட்டேன். ஆசிரியர் தங்களைத் திருமுக்கூடலுக்கு அழைத்துச் சென்றதைச் சொல்லத் தொடங்கினாள். கோயில் சுவரிலுள்ள கல்வெட்டைக் காட்டி அவர் விளக்கியதைச் சொன்னாள். மருத்துவமனையையும் அதன் 15 படுக்கைகளையும் சொன்னாள். விடுதி மாணவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் தலைமுழுக எண்ணெயும், இரவில் விளக்கெரிக்க எண்ணெயும் தரவேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்திருப்பதைச் சொன்னாள். "எண்ணெய்க் குளியலுக்கும் கல்வெட்டா!" என்று அவளுடைய தாத்தா வியந்து சிரித்தார். தறியை நிறுத்திவிட்டுத் தந்தையும் வந்து நின்றார். "விளக்கெண்ணெய்க்குப் பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். கணக்குப் பார்த்து வாழ்பவருக்கு எழ வேண்டிய கேள்விதான். "ஓர் ஊரின் வருவாயை இதற்கென்றே ஒதுக்கியிருந்தார்கள் அப்பா" என்று அவள் சொன்னாள். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "படிக்கிற பிள்ளைக்கு விளக்கு வேண்டும் என்று அன்றைக்கே நினைத்திருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வீட்டில் அவள் கற்றதைப் பற்றி எவரும் கேட்டது அதுவே முதல் முறை என்று பிறகு அறிந்தேன். அவள் மீண்டும் கல்லூரிக்குச் சென்றாள், விடுமுறை நாள்களில் கடையிலும் வேலை செய்தாள், பட்டமும் பெற்றாள். உடனே அரசுப் பணி கிடைத்தது, கடன் தீர்ந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவள் போட்டித் தேர்வுகள் எழுதிக்கொண்டிருக்கிறாள். தந்தையின் கடன் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வரும் தாளை இப்போது அவளே படித்துத் தந்தைக்கு விளக்குகிறாள். விளங்காத இடத்தில் அலுவலகம் சென்று ஏன் என்று கேட்கிறாள். அந்தக் குடும்பத்தில் எவரும் அதற்கு முன் ஏன் என்று கேட்டதில்லை.

"வேலை தேவையில்லை என்கிறீர்களா?" என்று வினவுவீர்கள். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலைப் பேருந்தில் செல்லும் நம் இளைஞர்களின் உழைப்பால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. தொழிற்கல்வி பயில விரும்பும் பிள்ளை அதையே பயிலட்டும். அதிலும் மேன்மை உண்டு. கலைக் கல்லூரிக்கு அனுப்பிய பிள்ளையிடம் மட்டும், அது தரவல்ல செல்வத்தைக் கேட்காமல், அது வாக்களிக்காத ஒன்றையே நாள்தோறும் கேட்டு நோகடிக்க வேண்டாம் என்கிறேன்.

அச்செல்வம் யாது? புனித ஜான் ஹென்றி நியூமன் 1852-இல் டப்ளின் நகரில் பல்கலைக்கழகக் கல்வியைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகள் புகழ் பெற்றவை. அறிவு வேறொன்றுக்குக் கருவியாவதற்கு முன்பே தன்னளவில் ஒரு நன்மை என்று அவர் வாதிட்டார். ஆசிரியரின்றித் தேர்வு மட்டும் நடத்திப் பட்டம் வழங்கும் கழகத்தைக் காட்டிலும், தேர்வே இல்லாமல் இளைஞர்களை ஒன்றுகூட்டிப் பேசிப் பழகவிடும் கழகம் மேலானது என்றும் துணிந்து கூறினார். 2025 நவம்பர் 1 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். மண்டபத்தின் படிக்கட்டில் பத்து மணிவரை வாதிட்டுக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் அவருடைய கருத்து என் நினைவுக்கு வரும்.

குருமடத்தில் நாங்கள் மெய்யியல் பயின்றபோது, புனித தாமஸ் அக்வினாஸின் பெருநூலில் என்னை முதலில் ஈர்த்தது அவருடைய விடைகள் அல்ல. ஒவ்வொரு பொருளையும் தொடங்கும்போது, தம் கருத்துக்கு எதிரான வாதங்களையே அவர் முதலில் வரிசையாக வைக்கிறார். எதிர்க்கேள்வியை முழுதும் கேட்ட பின்னரே தம் விடையைச் சொல்கிறார். கேள்விக்கு அஞ்சாத நம்பிக்கை அது. நம் ஆண்டவரும் பன்னிரண்டாம் வயதில் எருசலேம் கோவிலில் போதகர் நடுவே அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார் என்று நற்செய்தியாளர் லூக்கா எழுதுகிறார். கேட்டலும் கேள்வி எழுப்புதலும் சேர்ந்ததே கல்வி. நம் பிள்ளைகளுக்கு முதற்பாதி மட்டும் கிடைக்கிறது, மறுபாதிக்காக ஏங்குகிறார்கள். மண்டபத்தில் நான் கேட்டவற்றின் சாரம் இதுவே.

கல்லூரிகளில் மாற வேண்டியவை பல. அவை நம் கையில் இல்லை. வீட்டில் செய்யக் கூடியவை உண்டு.

இரவு உணவின்போது நாளுக்கு ஒரு கேள்வி கேளுங்கள். "எத்தனை மதிப்பெண்?" என்பதை ஒருபுறம் வைத்துவிட்டு, "இன்று புதிதாக என்ன தெரிந்துகொண்டாய்? அதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். உங்களுக்கு எழுத்தறிவு இல்லை என்று கூச வேண்டாம். விளங்காத பெற்றோருக்கு விளங்கச் சொல்லும்போதுதான் பிள்ளைக்கே பாடம் விளங்கும். ஆங்கிலத்தில் கற்றதைத் தமிழில் சொல்லிப் பார்ப்பதைவிட நல்ல பயிற்சி ஏது?

பருவத்திற்கு ஒரு முறையேனும் கல்லூரிக்குச் சென்று ஆசிரியரைப் பாருங்கள். பெற்றோரைக் கண்ட ஆசிரியர் அந்த மாணவனின் பெயரை எளிதில் மறக்கமாட்டார்.

தேறாத தாள் ஒன்றிருந்தால் அதனைக் குடும்பத்தின் அவமானமாக ஆக்காதீர்கள். அறுந்த இழையைப் பிணைத்துவிட்டு மேலே நெய்வது உங்களுக்குத் தெரியாததா?

தறி அடைத்த கூடத்திலும் ஒரு மூலையைப் படிப்புக்கென ஒதுக்குங்கள். அந்த ஒரு மணி நேரம் தொலைக்காட்சி ஓய்ந்திருக்கட்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரே தன் வருவாயில் மாணவரின் விளக்குக்கு எண்ணெய் ஒதுக்கியது. அன்று அவ்விளக்கின் அருகே இடம் பெறாதவர்களின் வழிவந்தவர்கள் இன்று நம் வீட்டில் புத்தகத்தை விரித்து அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வெளிச்சம் தருவது நம் கடமை.